முதலில் பிள்ளை, அப்புறம் போன்

மாலையில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று தெரிந்தவுடன் ஆட்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செல்போன் கொடுக்கலாம்?” என்பதுதான். சேரன்மகாதேவி பேருந்து நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பெற்றவர்களின் கவலை அந்தக் கேள்வியில் தெரிகிறது. அதனால் தெரிந்ததைச் சொல்லிவிடுவேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை அதிகம் போனால் 1 மணி நேரம், அதுவும் பெரியவர் ஒருவர் கூட இருந்து. 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். சவூதியிலோ மும்பையிலோ வேலை பார்க்கும் அப்பாவின் முகத்தைக் கைக்குழந்தை வீடியோ காலில் பார்ப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பா என்பவரே அந்த வீடியோ காலில்தான் வருகிறார்.

நேரக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது. அரை மணி நேரம் போன் பார்த்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று எதையோ கற்றுக்கொண்டு எழுந்திருக்கும், இன்னொன்று வெறுமனே எழுந்திருக்கும். இரண்டுக்கும் நேரம் ஒன்றுதான். பிள்ளை தானாக யோசித்துப் பார்த்த பிறகு போன் கைக்கு வந்ததா, யோசிக்கும் முன்பே வந்துவிட்டதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. ஊர் ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, இரண்டு பக்கத்துக்கு அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது, புன்னக்காயலில் கடலில் கலக்கிறது, வற்றாத ஜீவநதி, பல்லுயிர்ப் பெருக்கத்தின் தொட்டில். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, “பல்லுயிர்ப் பெருக்கம்னா என்னட்டி?” என்றேன். முழித்தாள்.

“சரி, அதை விடு. நம்ம கால்வாயில தண்ணி திறந்துவிடும்போது முதல்ல என்ன வரும்?”

“சருகும் நுரையும் வரும்க்கா. அதுக்கும் முன்னால தவளை துள்ளிக்கிட்டு வரும். பாம்பும் வரும்னு ஆச்சி சொல்லுவா, நான் பார்த்ததில்ல.”

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. படித்துறையில் எந்தப் படி வழுக்கும், அம்மா எந்தக் கல்லில் துணி துவைப்பாள், பங்குனியில் தண்ணீர் எதுவரை இறங்கிப்போகும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரை மண்டபத்தில் தண்ணீர் ஏறிய கோடு எங்கே இருக்கிறது. இதில் ஒன்றுகூட அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. உலகத்தில் எந்தச் செயலிக்கும் தெரியாத ஆறு ஒன்று அவளிடம் இருந்தது. அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ரஃப் நோட்டில் அதையெல்லாம் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, “அக்கா, இந்தக் கால்வா எங்கேருந்து கிளம்புது?” என்றாள். அப்போதுதான் போனை எடுத்துக் கொடுத்தேன். கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, எங்கள் ஊர்ப் பாலத்தில் விரலை வைத்து, கன்னடியன் கால்வாயைப் பிடித்துக்கொண்டே மேற்கே போனாள். இரண்டு இடத்தில் மரத்துக்குள் கால்வாய் மறைந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்து மறுபடி கண்டுபிடித்தாள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றுக்குக் குறுக்கே அணைக்கட்டு தெரிந்ததும் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். அதற்குப் பிறகு தாமிரபரணியில் மொத்தம் 8 அணைக்கட்டுகள் என்று தேடிப் படித்தாள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அதில் எத்தனை தாத்தாவுக்குத் தெரியும் என்று சோதிக்க நோட்டோடு வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு அவள் கையில் போன் இருந்த நேரம் முந்தைய நாளைவிட அதிகம்தான். எனக்கு அதில் துளிக் கவலையும் இல்லை.

இது என் மனத்தோற்றம் மட்டும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய 1000 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணக்குப் பயிற்சியின்போது ஒரு பகுதியினருக்கு சாட்ஜிபிடி போன்ற செயலியைக் கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் மற்றவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு செயலியை வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சை வைத்தபோது, செயலியையே பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். மூன்றாவதாக ஒரு பகுதியினருக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் துணையோடு அமைத்த செயலியைக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லாமல் போனது. விடை முன்னால் வந்து நின்றால் பிள்ளை யோசிக்காது. வழி மட்டும் காட்டினால் யோசிக்கும். வீட்டில் இதைச் செய்யப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கேள்வியைத் தட்டுவதற்கு முன்னால் “உனக்குத் தெரிஞ்சதை நோட்டுல எழுது, தப்பா இருந்தாலும் பரவாயில்லை” என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும். செயலியிடமும், “விடையைச் சொல்லாதே, அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் சொல்” என்று பிள்ளையையே எழுதச் சொல்லலாம். கேட்டபடி சொல்லும்.

படிக்கும் முறையிலும் இதே விஷயம்தான். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். மஞ்சள் மையில் கோடு போடுகிறார்கள். “படிச்சாச்சு” என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, படித்துவிட்ட மாதிரிதான் அவர்களுக்கு இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. ஒரு பாடத்தை ஒரு கூட்டம் இரண்டு முறை வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். 1 வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது 42 சதவீதம், மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம். நாளை பரீட்சை என்றால் வாசிப்பே ஜெயிப்பதுபோலத் தெரிவதும், அடுத்த மாதம் எல்லாம் மறந்துபோவதும் இதனால்தான்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள், புத்தகம் பார்க்காமல் ஒப்பித்தார்கள், பெரிய பிள்ளையான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அடியும் உதையும், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளாத சாதிக் கட்டும் அந்தப் பள்ளிகளில் இருந்தன. அதைப் போற்ற எனக்கு மனம் வராது. ஆனால் பிள்ளையே சொல்லிக்காட்டுவதும் சொல்லிக்கொடுப்பதும் நல்ல வழக்கங்கள். 1790-களில் சென்னையில் ஓர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இங்கே பார்த்த மணல் எழுத்தையும் பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பதையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ‘மதராஸ் முறை’ என்றே பரப்பினார். நம்மிடமிருந்து போன ஒன்று அது.

இப்போது பீடி வீட்டுக்கு வருகிறேன். முக்கூடல், மேலப்பாளையம் பக்கமெல்லாம் மடியில் சுளகோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. எங்கள் தெருவிலும் உண்டு. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்க வேண்டும். கூலி 1000 பீடிக்குக் கணக்கு. இந்த வேலைக்கு நடுவில் சின்னப் பிள்ளை அழுதால் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் குறைசொல்லி எழுதும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். எழுதுகிறவர்கள் ஒரு நாள் அந்தச் சுளகை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

“என்ன செய்யச் சொல்லுதிய மைனி? ரெண்டு கையும் இலையில கெடக்கு. இவன் சிணுங்குனா நான் ஆயிரத்த எப்ப முடிக்க?” என்றாள் ஒருத்தி. அவள் மூத்த மகன் ஆறாம் வகுப்பு, என்னிடம் வருகிறவன்.

“கைதான இலையில இருக்கு, காது சும்மாதான இருக்கு? மூத்தவன் படிச்சத உங்ககிட்ட சொல்லட்டும். சின்னவனும் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும்.”

“நான் அஞ்சாப்பு தாண்டலயே. எனக்கு என்ன வெளங்கும்?”

அவளுக்கு விளங்காது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பாடம் தெரிந்தவரிடம் பிள்ளை பாதியை விழுங்கிச் சொன்னாலும் தப்பித்துவிடும். தெரியாதவருக்குச் சொல்ல வேண்டுமானால் முழுதாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்திருக்க அவன் காந்தத்தைப் பற்றிச் சொன்னான். வடதுருவம், தென்துருவம், எதிரெதிர்த் துருவம் இழுக்கும், ஒரே துருவம் தள்ளும். அவள் நூலைச் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: “சரில, ரெண்டா ஒடிச்சிட்டா? ஒரு துண்டு வடக்கும் ஒரு துண்டு தெக்குமா போயிருமா?”

பையன் திகைத்துப்போனான். மூன்று முறை வாசித்த பாடம். அவனுக்குத் தோன்றாத கேள்வி. உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்து வந்து தேடினான். ஒவ்வொரு துண்டும் இரண்டு துருவங்களுள்ள தனிக் காந்தமாகிவிடும் என்று கண்டுபிடித்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினான். அதற்கு அப்புறம்தான் பாடப்புத்தகத்திலிருக்கும் கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்து வீடியோவைப் பார்த்தான். 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலிருந்தே தமிழ்நாட்டு அரசுப் புத்தகங்களில் அந்தச் சதுரங்கள் இருக்கின்றன. நிறைய வீடுகளில் அதை யாரும் தொட்டதே இல்லை. பாடத்தைத் தொடும் முன்பே வீடியோ பார்க்கும் பிள்ளைக்கு அது இன்னொரு படம். மனத்தில் ஒரு கேள்வியோடு பார்க்கும் பிள்ளைக்கு அது பதில்.

அம்மா வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் குரல் பதிவு நல்ல வழி. பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு, பாடத்தைத் தன் சொல்லில் 2 நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்யட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டு, எங்கே தடுமாறினோம், எதை விட்டோம் என்று பார்க்கட்டும். மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை இதையே செய்தால் பாடம் தங்கும். இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதிவைத்தார். எங்கள் வாட்ஸாப் குழுவில் இப்போது காலை வணக்கப் படங்களைவிடப் பிள்ளைகளின் குரல்தான் அதிகம் வருகிறது. கட்டட வேலைக்குப் போகும் ஓர் அப்பா சாப்பாட்டு நேரத்தில் மகளின் பதிவைக் கேட்டுவிட்டு, “இந்த ஆவியாதல் எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது” என்று பதில் போட்டிருந்தார். அந்தப் பிள்ளை அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தது.

போன் இந்த வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தார்கள். அந்த நாட்களில் 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் போனுமே பள்ளிக்கூடம். கடன் வாங்கிப் போன் வாங்கிய வீடுகளை எனக்குத் தெரியும். படிப்புக்கென்று நாம்தான் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தோம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் என் வீட்டுத் திண்ணைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அன்று ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து ‘அ’ எழுத வேண்டிய பிள்ளைகள் திரையைப் பார்த்தே முதல் வகுப்பைக் கடந்தார்கள். அவர்களில் சிலருக்கு இன்னும் வாசிப்பு திக்குகிறது. அவர்களைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

பாளையங்கோட்டையில் 1890-களிலிருந்தே காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளிகள் இருக்கின்றன. சைகை மொழியில் பேசும் பிள்ளைக்கு வீடியோ கால் வந்த பிறகுதான் தூரத்து நண்பனோடு பேச்சு என்பதே வந்தது. பார்வையற்ற பிள்ளைக்குப் போன் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறது. போனையே ஒழித்துவிட வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு முறை போய்வந்தால் நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த போன் வகுப்பு குளத்தங்கரையில் நடப்பது. கூந்தன்குளத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டு மரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும் ஊர். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. தாமிரபரணிப் பாசனக் குளம் எதன் கரையில் நின்றாலும் மார்கழி, தை மாதங்களில் பறவை இருக்கும். என் விதி ஒன்றுதான்: பறவையைப் பார்த்து நோட்டில் வரைந்த பிறகே போன். காக்காயைவிடப் பெரிதா, சிறிதா? கால் என்ன நிறம்? மூக்கு நேரா, வளைவா? என்ன செய்துகொண்டிருக்கிறது?

பத்து வயதுப் பையன் ஒருவன் சேற்றில் நின்ற ஒரு பறவையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, அந்தக் கொக்கு வாய மூடவே மாட்டேங்கு.” எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வரைந்து காட்டினான்: அலகின் இரண்டு பாதியும் அடியிலும் நுனியிலும் சேர்ந்திருக்க, நடுவில் ஓர் இடைவெளி. அத்தனை பேர் பார்த்தோம், அவன் கண்ணுக்குத்தான் அது பட்டது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலியைத் திறந்தோம். எங்கே பார்த்தாய், எப்போது, எவ்வளவு பெரிது, என்னென்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று அது வரிசையாகக் கேட்கும். பார்க்காத பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. செயலி காட்டிய பெயர்களில் அவன் படத்தோடு பொருந்தியது நத்தை குத்தி நாரை. வாய் மூடாத கொக்கு என்று சிரித்தவர்கள், அது நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுப்பதை நெடுநேரம் நின்று பார்த்தார்கள். நல்ல செயலி எது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் உதாரணம் காட்டுவேன். பிள்ளையிடம் திருப்பிக் கேள்வி கேட்கும் செயலி நல்ல செயலி.

இதற்கு நேர் எதிர் ரீல்ஸும் ஷார்ட்ஸும். ஒன்று முடிந்து அடுத்தது தானாக வருகிறது, எங்கே நிறுத்துவது என்று பிள்ளைக்குத் தெரிவதற்கான இடமே அதில் இல்லை. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மடையைத் திறந்துபோட்டுவிட்டு வயல் முங்கிவிட்டதே என்று தண்ணீரைத் திட்டிப் பயனில்லை, அடைக்க வேண்டியதை நாம் அடைக்க வேண்டும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அமைப்பில் போய் நிறுத்திவிடுங்கள். விளையாட்டுச் செயலிகளின் அறிவிப்புச் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிடுங்கள். பாட வீடியோ வேண்டுமென்றால் முதல் நாளே தரவிறக்கி வைத்துவிட்டு, பார்க்கும்போது நெட்டை அணைத்துவிடலாம். இரவில் போன் சார்ஜ் ஏறுவது பாய்க்குப் பக்கத்தில் வேண்டாம், சாமி படத்துக்குக் கீழேயோ சமையல்கட்டிலோ இருக்கட்டும். பகலில் படித்தது மூளையில் உறைவது உறக்கத்தில்தான். பெரியவர்கள் போனும் அதே இடத்தில் சார்ஜ் ஏற வேண்டும். நம்முடையது தலைமாட்டில் இருந்தால் பிள்ளை கேட்காது, கேட்காமல் இருப்பது நியாயமும்கூட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகம் தெரியாத யாரோ படம் கேட்டாலோ, விளையாட்டில் பணம் போய்விட்டாலோ பிள்ளை முதலில் ஓடிவர வேண்டியது வீட்டுக்குத்தான். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் வராது. “என்ன நடந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்” என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930. இரண்டையும் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதிவையுங்கள்.

ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011-லிருந்து நடத்துகிறார்கள். எங்கள் திண்ணைப் பிள்ளைகளும் போகிறார்கள். அனுப்ப நினைக்கும் பெற்றோர் காலை 6 மணிக்கு எழுப்பிவிட்டால் சரி. ஒரு ரஃப் நோட்டு, சீவிய பென்சில் இரண்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி. போன் ஐந்து பிள்ளைக்கு ஒன்று போதும், அதை நான் கொண்டு வருகிறேன்.